'வாரேன்' சொல்லாத வீடு

1

நான் பேச்சுக்குச் சொன்ன ஒரு வார்த்தையை ஒருவர் நம்பிவிட்டார். அதனால்தான் இதை எழுத வேண்டி வந்தது.

ஸ்காட்லாந்தில் கடலோரமாக ஒரு சின்ன ஊர். இங்கே ஒரு பம்பு கம்பெனியில் எனக்கு வேலை. கோயம்புத்தூர்க்காரன் உலகத்தில் எந்த மூலைக்குப் போனாலும் பம்பைத் தேடிக்கொண்டுதான் போவான் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். டிசம்பரில் மதியச் சாப்பாடு செரிப்பதற்குள் இருட்டிவிடும் ஊர் இது. கிறிஸ்துமஸ் வருகிறதென்று தெரு முழுக்க வீடுகளில் சீரியல் விளக்கு மினுக்கும். எங்கள் பக்கத்து வீட்டில் மட்டும் இந்த வருஷம் ஒன்றும் இல்லை. அங்கே தனியாக இருப்பவர் மார்கரெட், எழுபதைத் தாண்டியவர். அவருடைய கணவர் இந்த வருஷத் தொடக்கத்தில் இறந்துபோனார். எங்களுக்குள் பெரிய பழக்கம் கிடையாது. குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளும் நாளில் குளிரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிக்கொள்வதோடு சரி.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை அவர் வீட்டு ஹீட்டர் நின்றுவிட்டது. மெக்கானிக் திங்கட்கிழமைதான் வருவாராம். நான் போய்ப் பார்த்தேன். சுடுதண்ணீரை வீடெங்கும் சுற்றிவிடும் சின்னப் பம்பு இறுகிப்போயிருந்தது. முன்பக்கத் திருகைக் கழற்றி, உள்ளே இருக்கும் தண்டை ஒரு திருப்பு திருப்பிவிட்டதும் ஓட ஆரம்பித்தது. மார்கரெட்டுக்கு முகமெல்லாம் சிரிப்பு. டீ போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டு எழுந்து, வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டே வழக்கம்போலச் சொன்னேன்.

"ஓக்கே மார்கரெட். ஐ வில் கம்."

அவர் எப்போது என்று கேட்டார். நான் சிரித்துத் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை என் மகள் நிலா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"அப்பா, நீ மார்கரெட்கிட்ட என்ன சொன்னே? டெய்லி நாலு மணிக்குக் கேக் வெட்டி வெச்சு வெயிட் பண்றாங்களாம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லையான்னு என்கிட்ட கேக்கறாங்க."

அவள் என்னை 'நீ' என்றுதான் சொல்வாள். நம் கோயம்புத்தூர்ப் பக்கம், கட்டின பசுமாட்டைக்கூட 'ங்க' போட்டுக் கூப்பிடுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கிண்டல் செய்வது உண்டு. என் வீட்டிலேயே எனக்கு அது கிடைப்பதில்லை. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே 'யூ' தானே, அதை அப்படியே தமிழாக்கிக்கொண்டுவிட்டாள். திருத்தித் திருத்தி நானும் ஓய்ந்துவிட்டேன். அன்றைக்கு அதைக் கவனிக்கிற நிலைமையிலும் நான் இல்லை. ஒரு வாரமாகப் பக்கத்து வீட்டில் ஒருவர் எனக்காகக் கேக் வெட்டி வைத்திருக்கிறார்.

2

ஊரில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. நம் பக்கம் யாரும் 'போறேன்' என்று சொல்லிக் கிளம்ப மாட்டார்கள். சலூன் நாற்காலியிலிருந்து எழுந்தாலும் 'வாரேனுங்க' தான். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசியவர்கூட இறங்கும்போது 'வாரேனுங்க' என்பார். அவர் எங்கே வரப்போகிறார்? அவரும் வர மாட்டார், நாமும் தேட மாட்டோம். போத்தனூரில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்த வார்த்தை இல்லாமல் வாசல் தாண்ட வராது. இங்கே வந்த புதிதில் மீட்டிங் முடிந்து எழும்போதெல்லாம் 'ஐ வில் கம்' என்பேன். மேனேஜர் பாவம், நான் திரும்பி வருவேன் என்று கதவைத் திறந்தே வைத்திருப்பார். இப்போது ஆபீசில் எல்லோரும் என்னைப் பார்த்து அதையே சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாத இடம் ஒன்று உண்டு. எழவு வீடு. அங்கே போகிறவனை யாரும் 'வாங்க' என்று கூப்பிடுவதில்லை. திரும்பும்போது அவனும் 'வாரேன்' என்று சொல்வதில்லை. அப்படிச் சொன்னால் இன்னொரு சாவுக்கு வருவதாக ஆகிவிடுமாம். சத்தமில்லாமல் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நடந்துவிட வேண்டும்.

இந்த ஆடியில் என் அண்ணன் இறந்துபோனார். போத்தனூரில் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். அப்பா இல்லாத வீட்டில் நான் பாலிடெக்னிக் படித்தது அந்தக் கடையின் வருமானத்தில்தான். அண்ணனுக்கும் அண்ணிக்கும் குழந்தை இல்லை. அண்ணி கல்யாணமாகி வந்தபோது நான் அரைக்கால் டிரவுசர் போட்டுக்கொண்டிருந்தேன். அதன் பிறகு எனக்குப் பசித்ததும் காய்ச்சல் வந்ததும் அவருக்குத்தான் முதலில் தெரியும்.

தகவல் வந்ததும் ஓடினேன். காரியமெல்லாம் முடிந்து நான் கிளம்பும் நாள் வந்தது. வாசலில் டாக்சி நின்றது. அண்ணி உள்ளறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பையைத் தூக்கிக்கொண்டு அந்த அறை வாசலில் போய் நின்றேன். சொல்ல வாயெடுத்துவிட்டேன். பின்னால் நின்றிருந்த சித்தப்பா என் தோளைப் பிடித்தார்.

"சொல்லாமப் போ கண்ணு" என்றார் மெதுவாக.

அண்ணி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்தேன். கார் போத்தனூர் ஜங்ஷனைத் தாண்டும்வரை சொல்லாமல் விட்ட அந்த வார்த்தை வாயிலேயே இருந்தது.

3

இங்கே திரும்பியதும் ஆபீசில் லீவுக் கணக்குக்கு அண்ணன் இறந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். மாநகராட்சிச் சான்றிதழ் வர நாளாகும். கையில் இருந்தது தெருமுனையில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரின் போட்டோதான். அதை அனுப்பி வைத்தேன். அதை ஏதோ மென்பொருளில் போட்டு மொழிபெயர்த்திருக்கிறார்கள். என் அண்ணன் பெயர் வெள்ளியங்கிரி. அது ஆங்கிலத்தில் 'வெள்ளி மலை' ஆகிவிட்டது. வெள்ளி மலை இறைவன் காலடியை அடைந்துவிட்டதாக அதில் வந்திருக்கிறது. இந்த மலைக்கும் உங்களுக்கும் என்ன உறவு என்று லீவுக் கணக்குப் பார்க்கும் பெண் மிகவும் மரியாதையாகக் கேட்டு எழுதியிருந்தாள். படித்துச் சிரித்தேன். சிரித்த சூட்டோடு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

தீபாவளி வந்தது. மேனேஜர் வழக்கம்போல வாழ்த்துச் சொன்னார். இந்த வருஷம் எங்களுக்கு நோம்பி, பண்டிகை எதுவும் இல்லை என்பதை எப்படி விளக்குவது என்று தெரியாமல் நன்றி சொல்லிவிட்டேன். எழவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. அக்கம்பக்கத்தார்தான் பலகாரம் சுட்டு எடுத்துக்கொண்டு வந்து, உட்கார்ந்து பேசி, ஒரு வாய் சாப்பிட வைத்துவிட்டுப் போவார்கள். நல்ல பழக்கம். ஊரில் யார் அதைக் கண்டுபிடித்தார்களோ, அவர்களுக்குத் துக்கம் என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது.

அன்றைக்கு அண்ணிக்குப் போன் செய்தேன்.

"பலகாரம் ஆரு கொண்டாந்தாங்க அண்ணி?"

"ஆரும் வரலீங்க தம்பி."

"சித்தப்பா ஊட்ல?"

"அவுங்க பங்காளிங்கதானுங்களே, அவுங்களுக்கும் நோம்பி இல்லீங்களே. அவுங்க எங்க சுடுவாங்க? பக்கத்து ஊடெல்லாம் இப்ப வாடகைக்கு வந்தவங்க. அவுங்களுக்கு என்னங்க தெரியும்."

அண்ணியின் பிறந்த வீட்டில் யாரும் மிச்சமில்லை. நான் ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன். அவர் குறுக்கே பேசினார். அண்ணி குறுக்கே பேசி நான் கேட்டதே இல்லை.

"அன்னைக்கு எல்லாருஞ் சொல்லாமப் போனாங்க. அது மொறைதானுங்க. ஆனா போனவங்க அப்படியே போயிட்டாங்க பாருங்க."

அதற்குப் பிறகு அவர் போன் எடுப்பது குறைந்துகொண்டே வந்தது. டிசம்பரில் அறவே நின்றுபோனது. அடிக்கும், அடித்து ஓயும். சித்தப்பாவைக் கேட்டால், "நல்லாத்தான் இருக்குது, கோயலுக்குக் கீது போயிருக்கும்" என்பார். அவர் சரவணம்பட்டியில் மகன் வீட்டில் இருக்கிறார். போய்ப் பார்த்துச் சொல்லவில்லை, நினைத்துச் சொன்னார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அண்ணன் போனார், இப்போது அண்ணியும் எங்கள் கையை விட்டு நழுவிக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது. இங்கிருந்துகொண்டு செய்ய ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புலம்பெயர்ந்தவனுக்கு அது ஒரு வசதி. எதற்கும் தூரத்தைக் காரணம் காட்டலாம்.

4

நிலா சொன்ன அன்றைக்கே மார்கரெட் வீட்டுக்கு ஓடினேன். மன்னிப்புக் கேட்பதற்கு முழு வாக்கியங்களாகத் தயார்செய்து கொண்டு போனேன். அவர் கேட்கவில்லை. மேசையில் கேக் இருந்தது, இரண்டு கோப்பை இருந்தது. "வந்துவிட்டாயே, உட்கார்" என்றார்.

ஏன் விளக்குப் போடவில்லை என்று கேட்டேன். அதெல்லாம் கணவரின் வேலையாம். பரணிலிருந்து எடுத்துத் தரட்டுமா என்றேன். வேண்டாம், இந்த வருஷம் வேண்டாம் என்றார். எங்கள் வீட்டிலும் இந்த வருஷம் அடுப்பில் எண்ணெய் காயவில்லை என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். எங்கள் தெருவில் எழவு வீடு இரண்டு, அதுவும் சுவரோடு சுவராக இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"உன் அண்ணன் பெயர் என்ன?" என்று கேட்டார்.

ஆபீசில் எத்தனையோ பேர் வருத்தம் தெரிவித்தார்கள். கார்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். பெயரை இவர் ஒருவர்தான் கேட்டார். நம் ஊரில் தம்பி அண்ணன் பெயரைச் சொல்வானா? அண்ணன் என்றால் அண்ணன்தான். அன்றைக்கு அந்தச் சமையலறையில் 'வெள்ளியங்கிரி' என்று வாய்விட்டுச் சொன்னேன். மார்கரெட் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். 'ளி' அவருக்கு வரவே இல்லை. அதற்காக விட்டுவிடவும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் இன்னொரு துண்டு கேக்கை என் தட்டில் வைத்தார்.

அதன் பிறகு வேலை முடிந்து தினமும் அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன். பேச்சு அவர் கணவரில் ஆரம்பித்து என் அண்ணனில் முடியும், இல்லாவிட்டால் மாறி வரும். இந்த நாட்டில் இத்தனை வருஷத்தில் நான் யாருக்கும் இவ்வளவு நன்றிக்கடன் பட்டதில்லை. அதுவும் எப்படிக் கிடைத்தது? மனசில் இல்லாமல் சொன்ன ஒரு வார்த்தையால்.

ஒரு நாள் சாப்பிடும்போது இதையெல்லாம் என் மனைவியிடம் தமாஷாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் சிரித்தாள். நிலா சிரிக்கவில்லை.

"பெரியப்பா ஃப்யூனரல்ல நீ பெரியம்மாகிட்ட சொல்லாம வந்துட்டே இல்ல?"

"அது நம்ம வழக்கம் அம்மணி. அங்க சொல்லக் கூடாது."

"அப்போ பெரியம்மாவுக்கு எப்படித் தெரியும், நீ வருவேன்னு?"

"தெரியும்டா. சொந்தம்னா தெரியும்."

"எப்படி?" என்றாள்.

அவள் தமிழ் ஓட்டைதான். அந்தக் கேள்வியில் ஓட்டையே இல்லை. சொந்தம் என்றால் எப்படித் தெரியும்? அண்ணியிடம் சொல்லாமல் வந்தேன், திரும்பப் போகவும் இல்லை. பக்கத்து வீட்டில் சும்மா சொல்லிவிட்டு தினமும் போய் உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கே கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு டிக்கெட் தேடினேன். நிலாவுக்குப் பரீட்சை நெருங்கியதால் அவளும் அம்மாவும் இங்கேயே இருப்பது என்று ஆயிற்று.

மார்கரெட் கிறிஸ்துமஸ் அன்று எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வாடியது உண்மை. பிறகு, "போ. உன் அண்ணியிடம் போ" என்றார். நிலா என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். கிறிஸ்துமஸுக்குத் தானும் அம்மாவும் வருவதாக, மார்கரெட் கேட்காமலேயே சொன்னாள். எங்கள் வீட்டில் யாரும் கேட்காமல் ஒருத்தி தானாக ஒரு காரியத்துக்குக் கையைத் தூக்கி ரொம்ப நாளாயிற்று. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் மாற்றிக்கொண்டுவிடுவாளோ என்று பயம்.

5

கிறிஸ்துமஸ் அன்று காலை கோயம்புத்தூரில் இறங்கினேன். நான் வருவதை யாருக்கும் சொல்லவில்லை. போத்தனூரில் சர்ச் பக்கத்துத் தெருக்களில் வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரம் தொங்கியது. புதுத் துணி போட்டுக்கொண்டு ஜனங்கள் பூசையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். டாக்சி எங்கள் வீட்டு முன்னால் நின்றது.

கதவு பூட்டியிருந்தது.

உள்ளே போன் அடிப்பது கேட்கிறதா என்று அண்ணியின் நம்பரைப் போட்டுப் பார்த்தேன். கேட்டது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அடித்து ஓய்ந்தது. பக்கத்து வீட்டில் குடியிருக்கும் பெண் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, அந்தம்மாவைத் தேடறீங்களா? எதுத்த சந்துல ஸ்டெல்லாக்கா ஊட்ல இருப்பாங்க. இப்பெல்லாம் காலையில போனா பொழுதோடதானுங்க வருவாங்க."

ஸ்டெல்லாக்காவை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். அவர் கணவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பெட்டியை அந்தப் பெண்ணிடம் வைத்துவிட்டுச் சந்துக்குள் நடந்தேன். சந்தில் அந்த ஒரு வீட்டில் நட்சத்திரம் இல்லை. எனக்கு விளங்கிவிட்டது.

திறந்த கதவுக்குள் இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டெல்லாக்கா பாதியாக இளைத்திருந்தார். அண்ணி ஒரு தூக்குப்போசியில் அரிசிம்பருப்பு சாதம் கொண்டுவந்திருந்தார். தட்டில் போட்டு ஸ்டெல்லாக்கா கையில் கொடுத்து, "ரெண்டு வாய் சாப்புடு புள்ள, அப்பறம் படுத்துக்குவியாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நிழல் தட்டி நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். 'வாங்க' என்று சொல்லவில்லை. பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

நான் உட்கார்ந்தேன். ஸ்டெல்லாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுது ஓய்ந்ததும் முகம் கழுவ உள்ளே போனார்.

"தீவாளி கழிஞ்சு இவ ஊட்டுக்காரரு போயிட்டாருங்க" என்றார் அண்ணி. "பசங்க ரெண்டு பேரும் துபாயி. வந்து பொதைச்சுப்போட்டு லீவு இல்லைன்னு போயிட்டாங்க."

"போன் எடுக்கலீன்னதும் பயந்துபோயிட்டேனுங்க அண்ணி."

"போனு ஊட்லயே கெடக்குதுங்க. கையில வெச்சிருந்தா அதையேதான் பாத்துட்டு உக்காந்திருப்பேன்." தட்டை மூடி வைத்தார். "இவளுக்கு மொத நோம்பி பாருங்க. ஆரும் வரமாட்டாங்கன்னு எனக்குத் தெரியுமுங்களே."

"நீங்களும் துக்கத்துல இருக்கறீங்க. வெளிய போகக் கூடாதுன்னு சித்தப்பா ஒண்ணும் சொல்லலீங்களா?"

"துக்கக்காரி நோம்பி ஊட்டுக்குத்தானுங்க போகக் கூடாது. இது நோம்பி இல்லாத ஊடு. இங்க நான் வந்தா ஆருக்கு என்னங்க கொறைஞ்சு போகுது?"

அவர் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். பிளேன் முழுக்க மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்ததை அப்போது சொன்னேன்.

"தீவாளிக்கு நான் வந்திருக்கோணும் அண்ணி."

அவர் என்னைத் தேற்றவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினார்.

"தீவாளியன்னைக்குக் கதவத் தொறந்தே வெச்சிருந்தேனுங்க தம்பி. அதுக்கப்பறமும் அப்படித்தான். வெளிய கார் சத்தங் கேட்டா எந்திரிச்சு வருவேன். நீங்களா இருக்குமோன்னு பாப்பேன். குளிக்கப் போகக்கூட ரோசனையா இருக்கும், அந்த நேரத்துல வந்துட்டா என்ன பண்றதுன்னு. இவ ஊட்ல எழவு விழுந்த அன்னைக்கு ஓடியாரோணும். கதவப் பூட்டறதுக்குக் கை வரலீங்க. அப்படியே நின்னேன். அன்னைக்குத்தான் மனசுல சொல்லிப்போட்டேன், தம்பி இனி வரமாட்டாருன்னு. சொன்னதுக்கப்பறந்தானுங்க பூட்ட முடிஞ்சுது."

உள்ளே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் உயிரோடு இருக்கும்போதே அண்ணி எனக்கும் காரியம் செய்து முடித்திருக்கிறார். அதைச் செய்த பிறகுதான் அவரால் எழுந்து இன்னொருத்திக்குச் சோறு கொண்டுபோக முடிந்திருக்கிறது. இனி நான் எத்தனை தடவை வந்தாலும் அந்தக் கதவு எனக்காகத் திறந்து கிடக்கப் போவதில்லை. வந்தால் சாப்பாடு போடுவார். அன்பாகத்தான் போடுவார்.

ஸ்டெல்லாக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து, "தம்பி இத்தனை நாள் கழிச்சு வந்திருக்குது, நீ ஊட்டுக்குப் போ ருக்கு. நான் இருந்துக்கறேன்" என்று அண்ணியிடம் சொன்னார்.

"அவரு இருப்பாரு. நீ மொதல்ல சாப்புடு" என்றார் அண்ணி.

சாவியை இடுப்பிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தார். "போயிக் குளிச்சுட்டு வாங்க தம்பி. நான் இவளச் சாப்புட வெச்சுட்டு வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டு, ஸ்டெல்லாக்கா பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.